நிஞ்ஜா: உயிரோடு திரும்பி வரும் கலை

சென்ற கோடை விடுமுறையில் ஒரு பிற்பகல். என் பேரன் அவன் அம்மாவின் கறுப்புத் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு சோபாவிலிருந்து தொப்பென்று தரையில் குதித்தான். "தாத்தா, நான்தான் ஹட்டோரி! நான் வந்தது உங்களுக்குத் தெரியவே இல்லை!" என்றான். எனக்கு மட்டுமா தெரிந்தது? கீழ் வீட்டு சர்தார்ஜியே படியேறி வந்து, என்ன விழுந்தது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நிஞ்ஜா என்றால் யார், சொல் பார்ப்போம்" என்றேன்.

"கறுப்பு டிரெஸ் போட்டிருப்பாங்க. நட்சத்திரம் எறிவாங்க. திடீர்னு மறைஞ்சு போயிடுவாங்க."

"எதற்காக மறையவேண்டும்?"

அவனுக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்ட எனக்கும் தெரியவில்லை. நம் வீட்டுக் குழந்தைகள் தொலைக்காட்சியில் தினம் பார்க்கிற ஒரு விஷயத்தைப் பற்றிப் பெரியவர்களாகிய நமக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கிறதே என்று தோன்றியது. அன்றிலிருந்து படித்துத் தெரிந்துகொண்டவற்றை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். சினிமாக் கதையை விட நிஜக் கதை எத்தனையோ மடங்கு சுவையானது என்பதைப் படித்து முடித்ததும் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

பெயரில் ஒளிந்திருக்கும் பொருள்

'நிஞ்ஜா' என்பது சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போன இரண்டு எழுத்துகளால் ஆன சொல். முதல் எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் மேல் பாதி கத்தியின் அலகையும், கீழ்ப் பாதி இதயத்தையும் குறிக்கும். இரண்டும் ஒன்றாகச் சேரும்போது 'பொறுத்துக்கொள்ளுதல்', 'மறைந்திருத்தல்' என்று பொருள். நெஞ்சின் மேல் கத்தி இருந்தாலும் அசையாமல் பொறுத்திருப்பது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது எழுத்துக்கு 'ஆள்' என்று பொருள்.

இதே எழுத்தை ஜப்பானியர்கள் தங்கள் சொந்த மொழி வழக்கில் 'ஷினோபி' என்று படிப்பார்கள். பழைய ஏடுகளில் நாம் காண்பது இந்தப் பெயர்தான். 14ஆம் நூற்றாண்டின் போர்களைச் சொல்லும் 'தைஹெய்கி' என்ற நூலில், மலைமேல் இருந்த ஒரு கோயிலுக்குள் இரவில் ரகசியமாகப் புகுந்து தீ வைத்த ஷினோபிகளைப் பற்றிய குறிப்பு உள்ளது. 1603இல் கிறிஸ்தவப் பாதிரிமார்கள் அச்சிட்ட ஜப்பானிய-போர்த்துகீசிய அகராதியிலும், போர்க்காலத்தில் கோட்டைக்குள் மறைவாக நுழைந்து செய்தி அறிந்து வருகிற ஒற்றன் என்று ஷினோபிக்கு விளக்கம் தந்திருக்கிறார்கள். 'நிஞ்ஜா' என்ற உச்சரிப்பு பரவியதெல்லாம் 1950களுக்குப் பிறகு, நாவல்களாலும் திரைப்படங்களாலும்தான். அந்தக் காலத்து ஷினோபி ஒருவரை "ஏ நிஞ்ஜா" என்று கூப்பிட்டிருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்!

தலைவன் இல்லாத மலைநாடு

1467 முதல் 1477 வரை, ஜப்பானின் தலைநகரான கியோட்டோவில் இரண்டு பெரிய பிரபுக்களின் அணிகள் மோதிக்கொண்டன. 'ஓனின் போர்' என்று அதற்குப் பெயர். பத்து ஆண்டுச் சண்டையில் தலைநகரமே சாம்பலாயிற்று. சக்கரவர்த்தி பெயரளவில் இருந்தார். நாட்டை ஆளவேண்டிய 'ஷோகுன்' என்ற தலைமைத் தளபதிக்கோ அதிகாரம் இல்லை. ஆங்காங்கே இருந்த 'தைம்யோ' என்ற குறுநில மன்னர்கள் ஒருவரை ஒருவர் விழுங்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நீடித்த இந்தக் குழப்பத்தைத்தான் 'போரிடும் நாடுகளின் காலம்' என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். நிஞ்ஜாக் கலை செழித்தது இந்தக் காலத்தில்தான்.

கியோட்டோவுக்குத் தென்கிழக்கே, நாலாபுறமும் மலைகள் சூழ்ந்த 'இகா' என்று ஒரு சிறிய நாடு. இன்று அது மியே மாநிலத்தில் இருக்கிறது. அதற்கு வடக்கே, மலையைத் தாண்டினால் 'கோகா'. இன்றைய ஷிகா மாநிலம். (பேரன் பார்க்கும் கார்ட்டூனில் ஹட்டோரி இகாக்காரன், அவனோடு எப்போதும் மல்லுக்கு நிற்பவன் கோகாக்காரன். ஆனால் வரலாற்றில் இந்த இரண்டு ஊர்க்காரர்களும் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் உதவி செய்துகொண்ட அண்டை வீட்டார்தான்.)

இகாவின் விசேஷம் என்னவென்றால், அங்கே பெரிய தைம்யோ யாரும் நிலைத்து ஆளவில்லை. கொஞ்சம் நிலமும் சில ஆட்களும் வைத்திருந்த சிறு சாமுராய்க் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இவர்கள் பகலில் வயலைப் பார்ப்பார்கள்; தேவைப்பட்டால் கத்தியை எடுப்பார்கள். ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் மண் மதில்; வீடே ஒரு சிறு கோட்டை. பக்கத்து வீட்டோடு வரப்புத் தகராறும் உண்டு. ஆனால் வெளியிலிருந்து பகைவன் வந்தால் எல்லாரும் ஒன்று.

'எல்லாரும் ஒன்று' என்பது வெறும் பேச்சு அல்ல. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் இவர்கள் கூடி எழுதிக்கொண்ட பதினொரு விதிகள் கொண்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. பகைவர் நாட்டுக்குள் வந்தால் ஊர் ஊராக மணி அடிக்கவேண்டும். 17 வயதிலிருந்து 50 வயது வரை உள்ள அத்தனை பேரும் உணவும் ஆயுதமும் எடுத்துக்கொண்டு புறப்படவேண்டும். எதிரிக்கு வழி காட்டுகிறவனுக்குக் கடும் தண்டனை. கோட்டையைப் பிடிப்பதில் சாகசம் காட்டும் குடியானவனைச் சாமுராயாக உயர்த்தவேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறார்கள். மன்னன் இல்லாத ஒரு நாட்டு மக்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ள எழுதிவைத்த விதிகள் இவை.

ஆள் பலம் குறைந்தவன் பெரும் படையோடு எப்படிச் சண்டை போடுவது? நேருக்கு நேர் நின்றால் ஒரு நாள் தாங்காது. எதிரியின் பலம் என்ன, எங்கே தூங்குகிறான், எப்போது சோர்ந்திருக்கிறான் என்று முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். இருட்டில் அடித்துவிட்டு மலைக்குள் மறையவேண்டும். பேரனிடம் நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். எண்ணிக்கையில் சிறியவர்கள் தங்கள் ஊரைக் காப்பாற்றிக்கொள்ள மறைந்தார்கள்.

1487இல் இதற்குச் சோதனை வந்தது. ஷோகுன் அஷிகாகா யொஷிஹிசா, தனக்கு அடங்காத ரொக்காக்கு என்ற பிரபுவை அடக்கப் பெரும்படையோடு வந்து 'மகாரி' என்ற இடத்தில் முகாம் போட்டார். ரொக்காக்கு கோகா மலைக்குள் ஓடி ஒளிந்தார். கோகா மக்கள் அவர் பக்கம் நின்று, இரவோடு இரவாக ஷோகுனின் முகாமுக்குள் புகுந்து கலக்கினார்கள். இழுத்துக்கொண்டே போன அந்தப் போரில் வெற்றி காணாமலே 1489இல் ஷோகுன் முகாமிலேயே நோயுற்று இறந்தார். கோகா, இகா ஆட்களின் புகழ் நாடெங்கும் பரவியது. சொந்த நிலம் போதாத இந்த மலைக்காரர்களைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளத் தைம்யோக்கள் போட்டி போட்டார்கள்.

1581: ஒரு நாடு அழிந்தது

இகாவின் தனி வாழ்வு நீண்ட நாள் நிலைக்கவில்லை. சிதறிக் கிடந்த ஜப்பானை ஒரு குடையின் கீழ்க் கொண்டுவரப் புறப்பட்ட ஒடா நொபுனாகாவின் கண் அதன்மேல் விழுந்தது. 1579இல் அவருடைய மகன் நொபுகாட்சு, தகப்பனாரின் அனுமதி கேட்காமலே இகாவின் மேல் படையெடுத்தார். மலைப்பாதைகளில் காத்திருந்த இகா மக்கள் அவரை ஓட ஓட விரட்டினார்கள். நொபுனாகா மகனைக் கடுமையாகக் கண்டித்துக் கடிதம் எழுதினார்.

ஆனால் அவமானத்தை அவர் மறக்கவில்லை. 1581இல் தாமே ஏற்பாடு செய்து, நாற்பதாயிரத்துக்கும் அதிகமான வீரர்களைப் பல திசைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் இகாவுக்குள் அனுப்பினார். சில ஆயிரம் பேரால் எத்தனை வாயிலைத்தான் அடைக்கமுடியும்? கோட்டை வீடுகளும் கோயில்களும் எரிந்தன. பெண்கள், குழந்தைகள், துறவிகள் என்று பாராமல் வெட்டினார்கள். சில வாரங்களில் எல்லாம் முடிந்தது. உயிர் தப்பியவர்கள் அண்டை நாடுகளுக்கு ஓடினார்கள். அவர்கள் கையில் எடுத்துச் செல்ல நிலமும் இல்லை, வீடும் இல்லை. கற்ற வித்தை ஒன்றுதான் இருந்தது.

அடுத்த ஆண்டே காலச்சக்கரம் சுழன்றது. 1582 ஜூன் மாதம் கியோட்டோவில் நொபுனாகா தம் சொந்தத் தளபதியின் துரோகத்தால் மாண்டார். அப்போது அவருடைய கூட்டாளி டோக்குகவா இயெயாசு, முப்பது சொச்சம் ஆட்களோடு சாக்காய் துறைமுக நகரில் இருந்தார். படை இல்லை, பெரிய சாலைகளெல்லாம் ஆபத்து. சொந்த நாடான மிகாவாவுக்குப் போக மிஞ்சியிருந்த வழி இகா மலைப்பாதை ஒன்றுதான். அவருடைய பரிவாரத்தில் ஹட்டோரி ஹன்சோ என்ற வீரர் இருந்தார். ஹன்சோ பிறந்தது மிகாவாவில். ஆனால் அவருடைய தகப்பனார் இகாவிலிருந்து பிழைக்க வந்தவர். அந்த ஊர் உறவு அன்று கைகொடுத்தது. இகா, கோகா ஆட்கள் வழித்துணையாக வந்து இயெயாசுவைக் கடற்கரை வரை பத்திரமாகக் கொண்டு சேர்த்தார்கள். தனியே வேறு வழியில் போன அவருடைய கூட்டாளி அனயாமா என்ற பிரபு வழியிலேயே கொல்லப்பட்டார் என்பதிலிருந்து அந்தப் பயணத்தின் அபாயம் விளங்கும்.

இந்த இயெயாசுதான் 1603இல் ஷோகுன் ஆனார். அவருடைய வம்சம் 1868 வரை, இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஜப்பானை ஆண்டது. அந்த மலைப்பாதையில் அவர் இறந்திருந்தால் ஜப்பானின் வரலாறே வேறு.

புது ஊரில் பிழைப்பு

இயெயாசு நன்றி மறக்கவில்லை. இகாக்காரர்கள் இருநூறு பேரை வேலைக்கு எடுத்து ஹன்சோவின் கீழ் வைத்தார். 1590இல் அவர் எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) குடிபெயர்ந்தபோது இவர்களும் கூடவே போனார்கள். ஹன்சோவின் பெயரால் எடோ கோட்டையின் ஒரு வாயிலுக்கு 'ஹன்சோமோன்' என்று பெயர். இன்று டோக்கியோவில் அதே பெயரில் ஒரு சுரங்க ரயில் பாதையே ஓடுகிறது. இகா, கோகா ஆட்கள் முறை வைத்துக் காவல் இருந்த நீண்ட கட்டடம் ஒன்றை அரண்மனையின் கிழக்குத் தோட்டத்தில் இன்றும் பார்க்கலாம்.

ஆனால் பிழைக்கப் போன இடத்தில் வாழ்க்கை சுலபமாக இல்லை. ஹன்சோ காலமான பிறகு அவருடைய மகன் தலைமைக்கு வந்தார். இகாக்காரர்களைத் தம் வீட்டு வேலையாட்களைப் போல நடத்தினார், சொந்த வீட்டுக் கட்டட வேலைக்குக்கூட அவர்களை இழுத்தார், கூலியிலும் கைவைத்தார். "நாங்கள் ஷோகுனின் சேவகர்கள், உங்கள் வீட்டு அடிமைகள் அல்ல" என்பது இவர்கள் கட்சி. 1605இல் அத்தனை பேரும் எடோவில் ஒரு கோயிலுக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டு, தலைவரை மாற்றினால்தான் வெளியே வருவோம் என்று அமர்ந்துவிட்டார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் வேலை நிறுத்தம்! கடைசியில் ஹன்சோவின் மகன் பதவி இழந்தார். முன்னின்று நடத்தியவர்களும் தண்டனைக்குத் தப்பவில்லை. நிஞ்ஜாவைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. இந்தக் கதையை மட்டும் ஏனோ யாரும் பிரபலமாக்கவில்லை. வெளியூரில் வேலை பார்த்துக் குடும்பம் நடத்தும் நமக்கு, நட்சத்திரம் எறியும் நிஞ்ஜாவை விட இந்த நிஞ்ஜாதான் நெருக்கமாகத் தெரிகிறார்.

மறந்துபோகாமல் எழுதி வைத்தார்கள்

1637-38இல் ஷிமாபாரா என்ற இடத்தில் விவசாயிகளும் கிறிஸ்தவர்களும் கிளர்ந்தெழுந்தபோது, பத்துக் கோகா ஆட்கள் ஹாரா கோட்டையைச் சுற்றி உளவு பார்த்தார்கள். அகழியின் ஆழம், மதிலின் உயரம், பாதையின் நிலை ஆகியவற்றை அளந்து சொன்னார்கள். அதன்பின் நாட்டில் அமைதி. அமைதிக் காலத்தில் ஒற்றனுக்கு என்ன வேலை? பிள்ளைகள் வித்தையைக் கற்பதை விட்டார்கள். அழிந்துவிடுமோ என்ற கவலையில்தான் நூல்கள் எழுந்தன.

1676இல் இகாவைச் சேர்ந்த ஃபுஜிபயாஷி யசுதாகே தொகுத்தது 'பன்சென்ஷூகாய்'. பத்தாயிரம் ஆறுகள் கலக்கும் கடல் என்று பொருள். 1681இல் கீஷூ நாட்டின் நடோரி மசசுமி எழுதியது 'ஷோனின்கி'. நிஞ்ஜாப் பயிற்சியைப் பற்றி நமக்கு நம்பகமாகத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் இவை போன்ற நூல்களிலிருந்துதான்.

பன்சென்ஷூகாய் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? கத்தி, கயிறு எல்லாம் பின்னால்தான். முதலில் வருவது 'நேர்மையான மனம்' என்ற பகுதி. சுயநலத்துக்காக இந்த வித்தையைப் பயன்படுத்துகிறவன் வெறும் திருடன் என்று ஆசிரியர் எடுத்த எடுப்பிலேயே எச்சரிக்கிறார். பூட்டைத் திறக்கவும் சுவர் ஏறவும் கற்றுத்தரப் போகிறவர் முதலில் மனத்துக்குப் பூட்டுப் போடுகிறார்!

என்னென்ன பயிற்சி?

வித்தையை இரண்டாகப் பிரித்தார்கள். முகத்தைக் காட்டிக்கொண்டே வேறு ஆளாகப் போவது ஒன்று. இருளில் உருவத்தை மறைத்துப் போவது மற்றொன்று. முதல் வகைக்கே மதிப்பு அதிகம். ஷோனின்கி ஏழு வேடங்களைச் சொல்கிறது: புல்லாங்குழல் ஊதும் துறவி, புத்த பிக்கு, மலைத் துறவி, வியாபாரி, தெருக்கூத்தாடி, நாடக நடிகர், சாதாரண ஆள். வேடம் போட்டால் போதாது. பிக்குவாகப் போகிறவனுக்கு மந்திரம் தெரியவேண்டும். வியாபாரிக்குச் சரக்கின் விலை தெரியவேண்டும். போகும் ஊரின் பேச்சு வழக்கும் பழக்கமும் தெரியாதவன் வாயைத் திறந்ததுமே அகப்பட்டுக்கொள்வான். போர் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எதிரி நாட்டில் குடியேறி, அங்கேயே பிழைத்து, காலம் வரும்வரை காத்திருக்கும் முறையும் உண்டு.

பெண்களையும் ஈடுபடுத்தினார்கள். ஆண் நுழைய முடியாத அந்தப்புரத்துக்குள் பணிப்பெண்ணாக ஒருத்தியை அனுப்பும் முறையை பன்சென்ஷூகாய் விவரிக்கிறது. அவள் தன் பெட்டி ஒன்று வெளியிலிருந்து வரவேண்டும் என்று எஜமானியிடம் அனுமதி வாங்குவாள். இரட்டை அடித்தளம் கொண்ட அந்தப் பெட்டிக்குள் ஒற்றன் ஒளிந்து வந்துவிடுவான்.

கேள்வி கேட்பதும் ஒரு கலைதான். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல், எதிரில் இருப்பவரைப் புகழ்ந்து, அவரையே பேசவிடவேண்டும். கிடைத்த செய்தியைத் தாளில் எழுதினால் ஆபத்து. ஆகவே எண்களை உடலின் உறுப்புகளோடும் பழகிய பொருள்களோடும் இணைத்து நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

இருளில் நுழைபவனுக்கு நடைதான் முதல் பாடம். பாதத்தின் ஓரத்தை முதலில் ஊன்றி மெல்ல அழுத்தும் நடை, தரையோடு உரசும் நடை என்று பல நடைகள். தூங்குகிறவர்களின் அறையில் தன் கைகளைத் தரையில் வைத்து அவற்றின் மேலேயே கால்களை ஊன்றி நகரும் நடையும் உண்டு. சத்தம் கையோடு நின்றுவிடும். குறட்டையைக் கேட்டு, அது நிஜத் தூக்கமா நடிப்பா என்று கண்டுபிடிக்கவும் பழகினார்கள்.

எந்த இரவில் நுழைவது என்பதற்கும் பட்டியல் இருக்கிறது. கல்யாண விருந்து நடந்த இரவு. வீட்டில் நோயாளி குணமான இரவு. அண்டை வீட்டில் தீப்பிடித்து அணைந்த மறுநாள் இரவு. கட்டட வேலை முடிந்து களைத்த இரவு. துக்கம் நடந்த வீட்டில் சில நாள் கழித்து. மழையும் காற்றும் அடிக்கும் இரவு. மனிதன் எப்போது அயர்ந்து தூங்குவான் என்று எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள்!

விரல்களைக் கோத்து ஒன்பது அசைகளைச் சொல்லும் சடங்கை நம் பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்துச் செய்கிறார்கள். அது மந்திரத்தால் மறைவதற்கு அல்ல. அஞ்சாமல் மனத்தை ஒருமுகப்படுத்துவதற்கு. அசைகள் சீனத்திலிருந்து வந்தவை. விரல் முத்திரைகளோ தாந்திரிக பௌத்தத்தின் வழியாக நம் நாட்டிலிருந்து சீனா போய், ஜப்பானின் மலைத் துறவிகளை அடைந்தவை. போர்வீரர்களும் ஷினோபிகளும் வணங்கிய 'மரிஷிதென்' என்ற தேவதையும் இந்திய பௌத்தத்தின் மாரீசி தேவிதான்.

மூட்டையில் என்ன இருந்தது?

ஷினோபி எடுத்துச் செல்லவேண்டிய பொருள்கள் ஆறு: முகத்தை மறைக்கும் வைக்கோல் தொப்பி, கொக்கி கட்டிய கயிறு, எழுதுவதற்குக் கற்குச்சி, மருந்து, மூன்று அடி நீளத் துணி, நெருப்பு மூட்டும் மூங்கில் குழல். பார்த்தால் சாதாரண வழிப்போக்கனின் சாமான். யாராவது சோதனை போட்டாலும் சந்தேகம் வராது.

பசிக்கு மாவுருண்டை வைத்திருந்தார்கள். ஜின்செங் வேர், கோதுமை மாவு, வடக்கே நவராத்திரி விரதத்துக்கு விற்கும் குட்டு மாவு, மலைக்கிழங்கு, அதிமதுரம், பசையரிசி ஆகியவற்றை அரிசி மதுவில் மூன்று ஆண்டு ஊறவைத்து, உலர்ந்தபின் உருட்டுவார்களாம். நம் பொரிவிளங்காய் உருண்டையைப் போல ஊர் ஊராகக் கெடாமல் வரும்! தாகத்துக்கு உப்பில் ஊறிய உமே பழத்தின் சதையில் செய்த உருண்டை.

துரத்துகிறவர்களின் காலில் குத்துவதற்காக வழியில் முள் தூவுவார்கள். அந்த முள் என்ன தெரியுமா? தில்லித் தெருக்களில் கூடைகளில் விற்கிறார்களே, சிங்காடா, அதன் இனத்தைச் சேர்ந்த நீர்க்காய். காய்ந்தால் அதன் கொம்புகள் ஆணி போலாகிவிடும். பசித்தால் பருப்பைத் தின்னலாம், துரத்தினால் ஓட்டை வீசலாம்.

காவல் நாய்க்கு வறுத்த சோற்று உருண்டையில் எட்டிக்கொட்டைத் தூள் கலந்து போடச் சொல்கிறது பன்சென்ஷூகாய். எட்டி ஜப்பானில் விளையும் மரம் இல்லை. நம் தென்னிந்தியக் காடுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வளர்வது. கடல் வாணிபத்தில் ஜப்பான் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது!

பின்னால் வரும் கூட்டாளிக்குச் செய்தி சொல்ல, ஐந்து நிறங்களில் சாயம் ஏற்றிய அரிசியை வழியில் குறிப்பிட்ட வரிசையில் போட்டு வைத்தார்கள். சாயம் ஏறிய அரிசியைப் பறவைகள் தொடுவதில்லை. நேரம் பார்க்கப் பூனையின் கண்ணைக் கவனித்தார்கள். நண்பகலில் கண்மணி ஒரு கோடாகச் சுருங்கும், காலையிலும் மாலையிலும் வட்டமாக விரியும்.

எது கற்பனை?

கறுப்பு உடை முழுக்க நாடக மேடையிலிருந்து வந்தது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஜப்பானிய கபுக்கி நாடகத்தில் பொருள்களை நகர்த்தும் உதவியாட்கள் கறுப்பில் வருவார்கள். பார்வையாளர்கள் அவர்களைக் கண்டும் காணாமல் இருக்கவேண்டும் என்பது மரபு. ஓவியர்களும் நாடகக்காரர்களும் அதை நிஞ்ஜாவுக்கு மாட்டிவிட்டார்கள். நிஜத்தில் பகலில் சாதாரண உடை; இரவில் கருநீலமோ பழுப்போ. எறியும் நட்சத்திரம் இவர்களின் தனி ஆயுதமும் அல்ல, முக்கிய ஆயுதமும் அல்ல. தண்ணீர்மேல் நடக்க வைக்கும் வட்ட மரப்பலகையின் படம் பழைய நூலில் இருக்கிறது. ஆனால் அதைக் காலில் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தவர்கள் மூழ்கித்தான் போகிறார்கள். அதன்மேல் உட்கார்ந்து மிதந்திருக்கலாம், சேற்றில் பயன்பட்டிருக்கலாம் என்கிறார்கள்.

சாமுராய்க்கு எதிரி நிஞ்ஜா என்பதும் கதைதான். ஹன்சோவே ஈட்டி எடுத்துப் போரிட்ட சாமுராய். அவருடைய ஈட்டி டோக்கியோவில் அவர் சமாதி இருக்கும் கோயிலில் இன்றும் உள்ளது.

எல்லாவற்றையும் விடப் பெரிய கற்பனை, நிஞ்ஜா என்றால் கொலைகாரன் என்பது. கோட்டைக்குத் தீ வைத்ததும், இருட்டில் எதிரியைத் தாக்கியதும் உண்மைதான். ஆனால் ஷினோபியின் முதல் கடமை செய்தியைக் கொண்டுவந்து சேர்ப்பது. செத்துப்போன ஒற்றனால் யாருக்கும் பயன் இல்லை. போர்க்களத்தில் மடிவதையே பெருமையாகக் கருதிய சமூகத்தில், அவமானத்தைப் பொறுத்து, ஓடி ஒளிந்து, எப்படியாவது உயிரோடு ஊர் திரும்பவேண்டும் என்று இவர்கள் கற்றார்கள். நெஞ்சின் மேல் கத்தி என்ற அந்த எழுத்துக்கு அர்த்தம் இதுதான். மிகச் சிறந்த ஷினோபியின் பெயரை உலகம் அறியாது என்பதும் அவர்கள் நூல் சொல்லும் பாடம். புகழ் கிடைத்துவிட்டால் அவன் தோற்றான் என்று பொருள்!

கடைசி உளவு

1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி கறுப்புக் கப்பல்களோடு வந்து ஜப்பானின் கதவைத் தட்டினார். அப்போது இகாவைச் சேர்ந்த சவமுரா என்பவர் கப்பலுக்குள் போய் உளவு பார்த்து வந்ததாகக் குடும்ப வரலாறு சொல்கிறது. அவர் கொண்டுவந்தவை ரொட்டி, புகையிலை, மெழுகுவத்தி, அயல் மொழியில் எழுதிய இரண்டு தாள்கள். பிற்காலத்தில் அந்தத் தாள்களைப் படித்துப் பார்த்தால், ஒன்றில் மாலுமிகளின் வேடிக்கைப் பேச்சு, மற்றொன்றில் ஒரு பழமொழி. ராணுவ ரகசியம் ஒன்றும் இல்லை! ஆனாலும் போன ஆள் பத்திரமாகத் திரும்பி வந்தார். அந்த வகையில் வேலை சுத்தம்.

1868இல் ஷோகுன் ஆட்சி முடிந்தது. காவல் வேலையும் போயிற்று. வித்தையில் ஒரு பங்கு மட்டும் வேறு வடிவில் வாழ்ந்தது. மூலிகையும் மருந்தும் அறிந்த கோகாப் பகுதி மருந்து வியாபாரத்துக்குப் பெயர் பெற்றது. இன்றும் அங்கே மருந்துத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. 2017இல் மியே பல்கலைக்கழகம் நிஞ்ஜா ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் தொடங்கியது. 2020இல் அங்கே ஒரு மாணவர் நிஞ்ஜாவைப் பற்றிப் படித்து முதுகலைப் பட்டம் பெற்றார்.

இதையெல்லாம் பேரனுக்குக் கதையாகச் சொன்னேன். இகா எரிந்த இடத்தில் "அப்புறம் அவங்க எங்கே போனாங்க தாத்தா?" என்று கேட்டான். "பிழைக்க வெளியூர் போனார்கள், நம்மைப்போல" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

மறுநாள் காலை நாளிதழில் மூழ்கியிருந்தேன். தோளை யாரோ தொட்டார்கள். திரும்பினால் பேரன். செருப்பு இல்லை, துப்பட்டா இல்லை, வழக்கமான அரை டிராயர். அடுப்படியில் அம்மா என்ன சமைக்கிறாள் என்று பார்த்துவிட்டு வந்தானாம்.

"பூரி, உருளைக்கிழங்கு. அம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்குக் கேட்டுதா தாத்தா?"

எனக்குக் கேட்கவே இல்லை.